டீமேக்கரிடம் டீ கேட்டேன்

முப்பத்தோரு வருடம் ஒரு நிலக்கரி அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். கடைசி நான்கு வருடம் என்னை ஒரு கமிட்டியில் போட்டார்கள். கிழடு தட்டிய இரண்டு யூனிட்களை, நிலக்கரிக்குப் பதிலாக ஊர்க் குப்பையிலிருந்து செய்த எரிகட்டிகளால் ஓட்ட முடியுமா என்று பார்க்கும் கமிட்டி. கூடிக் கூடிப் பேசினோம். வடை சாப்பிட்டோம். ஒரு வழியாக ஓட்டியும் பார்த்தோம். பதினோராம் நாள் குப்பையோடு வந்த ஒரு முழு நைலக்ஸ் புடவை கன்வேயர் உருளையில் சுற்றிக்கொண்டு யூனிட்டை நிறுத்தியது. அதன்பிறகு அந்த யூனிட் எழுந்திருக்கவே இல்லை. நான் கை வைத்த காரியங்களில் இன்றும் நிற்பது எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்தான். அதுவும் கொத்தனார் கட்டியது.

ஆனாலும் குப்பை எரிபொருள் நிபுணர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. என்னிடம் வேலை பழகிய ஒருவன் இப்போது கோயம்புத்தூரில் எரிகட்டி செய்யும் இயந்திரம் விற்கிறான். அதில் ஒன்றை இலங்கையில் பதுளைப் பக்கம் விற்றிருந்தான். அங்கே ஒரு தேயிலைத் தோட்டம், கொழுந்தைக் காயவைக்கும் உலையில் விறகுக்குப் பதிலாக இந்தக் கட்டியை எரிக்கலாமா என்று யோசிக்கிறதாம். "சார், நாலு நாள் போய்ப் பாத்துட்டு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. சும்மா ஜிலுஜிலுன்னு இருக்கும்" என்றான். தேசசேவை, சுற்றுச்சூழல் என்றெல்லாம் வீட்டில் சொன்னேன். உண்மையில் அந்த ஜிலுஜிலுவுக்காகத்தான் போனேன்.

பதுளையில் இறங்கும்போது அகோரப் பசி. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்தேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸ், பெட்டிஸ், உளுந்து வடை, இன்னும் பெயர் தெரியாத முக்கோணங்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தன. ஆஹா, விருந்தோம்பல் என்றால் இதுதான் என்று நெகிழ்ந்துபோனேன். வைத்ததை மிச்சம் வைத்தால் மனம் நோவார்களே என்று ஒவ்வொன்றாகத் தின்று ஒன்பதையும் முடித்தேன்.

கடைக்காரர் காலித் தட்டைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். "ஐயா பட்டினி கெடந்து நடந்தே வந்தாரான்னு கேக்குறாரு. இங்க தட்டோட வைப்பாங்க, நாம ஒண்ணோ ரெண்டோ எடுப்போம். மிச்சத்த அடுத்த ஆளுக்கு வைப்பாங்க." நான் அடுத்த எட்டுப் பேரின் காலைப் பலகாரத்தைத் தின்றிருந்தேன். இந்த ஒன்பதும் மறுநாளே என் மானத்தை வாங்கப் போகின்றன என்பது அப்போது தெரியவில்லை.

தோட்டம் இருக்கும் மடுல்சீமைப் பக்கம் போகும் பஸ் பாதி ஏற்றத்தில் ஒரு வளைவில் பெருமூச்சு விட்டு நின்றது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் கண்டக்டரோடு சண்டை போடுவோம். இங்கே எல்லோரும் அமைதியாக இறங்கிப் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அந்த வழியாக வந்த கொழுந்து லாரி ஒன்று எனக்காக நின்றது. கொழுந்துச் சாக்குகளைப் பார்த்ததும், மெத்தை கிடைத்தது என்று சாயப் போனேன். டிரைவர் பதறிவிட்டார்.

"ஐயோ ஐயா, கொழுந்து மேல ஒக்காராதீங்க! நசுங்கிச்சுன்னா செவந்து போயிரும். அப்புறம் ஸ்டோருல என்னைய திட்டுவாங்க."

"நான் ஸ்டோருக்குப் போகலைங்க. ஃபேக்டரிக்குப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா. நாங்க ஸ்டோருன்னுதான் சொல்றது."

மிச்சமிருந்த நான்கு மைல் தூரமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனேன். வழியெல்லாம் தேயிலை. ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கமும் பள்ளம். உள்ளே ஒன்பது பலகாரங்களும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டிருந்தன.

தொழிற்சாலை வாசலில் வெள்ளைச் சட்டை, வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறையோடு ஒருவர் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். அவருக்குப் பின்னால் நான்கைந்து பெண்கள். "வாங்க, வாங்க. நான்தாங்க டீமேக்கர் செபமாலை" என்று கை குவித்தார்.

எங்கள் ஊரில் டீ மாஸ்டர் என்று ஒருவர் உண்டு. ஒரு கையை உயர்த்தி, இன்னொரு கையைத் தாழ்த்தி டீ ஆற்றுவார். எங்கள் மின் நிலைய கேன்டீனிலும் ஒருவர் இருந்தார். டீ போடுபவருக்கு இங்கே இவ்வளவு மரியாதையான உடுப்பா என்று வியந்தேன். வியந்ததோடு நின்றிருக்கலாம்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. ஒரு டீ போடுங்க. சர்க்கரை கம்மி" என்றேன்.

பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செபமாலை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு "சரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தம் கையாலேயே ஒரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்துவிட்டு, "ஸ்ட்ராங் பத்தலை" என்று வேறு சொன்னேன்.

தங்கும் அறையைக் காட்ட வந்தவள் வாயைப் பொத்தியவள்தான். பெயர் புஷ்பம். தேயிலை காயும் ட்ரையர் பக்கத்தில் வேலை. நடந்துகொண்டே அவள் கேட்டாள். "ஐயா, ஒங்க ஊருல டீமேக்கர்னா யாருங்க?"

சொன்னேன். அவள் நின்று, இடுப்பில் கை வைத்து, நன்றாகச் சிரித்து முடித்தபிறகு விளக்கினாள். டீமேக்கர் என்றால் அந்தத் தொழிற்சாலைக்கே அதிகாரி. இலை வாடுவது முதல் தூள் மூட்டையாவது வரை எல்லாம் அவர் சொற்படி. "பெரிய தொரைகூட ஸ்டோருக்குள்ள வந்தா அவரு பேச்சுக்கு அடங்கித்தாங்க நிப்பாரு. நாப்பது வருசத்துல அவருகிட்ட யாரும் தேத்தண்ணி கேட்டது இல்ல." நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இருட்டுவதற்கு முன் தோட்ட மேனேஜர், அதாவது பெரிய துரை, ஜீப்பில் வந்து பார்த்தார். சிங்களவர். தோட்டத்துத் தமிழை என்னைவிடச் சரளமாகப் பேசினார். "காலைல ஆறு மணிக்கு பெரட்டுக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரட்டல் என்றால் எங்கள் பக்கம் கோழி அல்லது குடல். காலை ஆறு மணிக்கே கறியா என்று கொஞ்சம் யோசித்தாலும், ஊர் வழக்கத்தை மதிக்க வேண்டுமல்லவா? இரவு அரை வயிறு சாப்பிட்டு, விடியற்காலையில் பல் விளக்கிக் கையையும் கழுவிக்கொண்டு போய் நின்றேன். பனியில் எழுபது எண்பது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். துரை இன்னார் இந்த மலைக்கு, இன்னார் அந்த மலைக்கு என்று வேலை பிரித்துக்கொடுத்தார். எல்லோரும் கலைந்து போனார்கள். பெரட்டு அவ்வளவுதான். புஷ்பம் என் கையின் ஈரத்தைப் பார்த்துவிட்டு எதையோ புரிந்துகொண்டு, தன் தூக்குவாளியிலிருந்து ஒரு தேங்காய் ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சம்பலின் காரத்தில் கண்ணில் நீர் வந்தது. இன்னொன்றும் கேட்டு வாங்கி இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். அவளுக்கு வைத்திருந்ததே இரண்டுதான் என்பதைக் காலி வாளியைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

அன்று உலையைச் சோதிக்கும் வேலை. தேயிலை உலை, மின் நிலையக் கொதிகலனுக்குப் பேரன் முறை. அடுப்பின் சூட்டுப் புகை இரும்புக் குழாய்களுக்குள் ஓடும். குழாய்களுக்கு வெளியே ஓடும் சுத்தமான காற்று சூடாகித் தேயிலைக்குப் போகும். புகையும் காற்றும் எந்த இடத்திலும் சந்திக்கக் கூடாது. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "கையால தொட்டுப் பாக்காத குழாய்க்குக் கையெழுத்துப் போடாதே" என்று என் கீழ் வேலை பார்த்தவர்களை முப்பத்தோரு வருடம் கத்தியிருக்கிறேன்.

குழாய் அறைக்குள் நுழைய ஒரு சதுர ஓட்டை. தலை போயிற்று. தோள் போயிற்று. ஒன்பது பலகாரமும் இரண்டு ரொட்டியும் போகவில்லை. உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்று இரண்டு நிமிடம் கிடந்தேன். புஷ்பமும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். "பிரசவம் நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, டார்ச் வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்த்த குழாய்களுக்கு நேராக, சோதனைத் தாளில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் புஷ்பம் தன் லயத்தைக் காட்டினாள். பத்துக் காம்பராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள், ஒட்டிக்கொண்ட நீண்ட வரிசை. வாசலில் செவ்வந்திச் செடி, உள்ளே மாதா படத்துக்கு முன் ஒரு சின்ன விளக்கு. லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக எழும் சரிவில் யூக்கலிப்டஸ் மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பளவில் வெள்ளையாக ஒரு சுண்ணாம்பு வளையம்.

"அழகா அடிச்சிருக்கீங்களே" என்றேன்.

"வெட்டுறதுக்கு அடிச்ச அடையாளங்க ஐயா. ஸ்டோருக்கு வெறகு பத்தல. ஒங்க குணு பிஸ்கட்டு எரிஞ்சா வெட்ட மாட்டாங்களாம். எரியலேன்னா வெட்டிருவாங்களாம்."

குணு என்றால் சிங்களத்தில் குப்பை. என் எரிகட்டிக்குப் பெண்கள் வைத்த பெயர் அது. காகிதம், பழந்துணி, தேங்காய் மட்டை எல்லாம் சேர்த்து அழுத்திய அந்தக் கட்டி, பார்வைக்கு பிஸ்கட் மாதிரியேதான் இருக்கும்.

புஷ்பம் சரிவைப் பார்த்தபடியே சொன்னாள். "எங்க அக்காவ மீரியபெத்தைக்குத்தான் கட்டிக் குடுத்தோம். அந்தத் தோட்டத்துல மண்ணு சரிஞ்சப்ப அவ வீடு எங்க இருந்துச்சுன்னே சொல்ல முடியல. அதுலருந்து மழ பேஞ்சா நான் படுக்கறதில்லீங்க ஐயா. அடையாள அட்டை, புள்ளைங்க சர்டிபிகேட்டு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு மடியில வச்சுக்கிட்டு விடிய விடிய ஒக்காந்திருப்பேன். அந்த மரத்து வேருதான் இந்த மண்ண புடிச்சுக்கிட்டு இருக்கு. அதையும் எடுத்துட்டா?"

ஜிலுஜிலுவுக்காக வந்தவன் நான்.

மூன்றாம் நாள் காலை எரித்துப் பார்த்தோம். பிஸ்கட் அருமையாக எரிந்தது. சூடுகாட்டும் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. தேயிலை கறுத்துச் சுருண்டு காய்ந்து விழுந்தது. எங்கள் புடவை யூனிட்டுக்கு எதிராக நான் ஒருவழியாக ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். மதியம் உலையை அணைத்துவிட்டு ருசி அறைக்குள் போனோம். துரையும் வந்திருந்தார்.

செபமாலை வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் கரண்டியால் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சித் துப்பினார். பிஸ்கட்டில் காய்ந்த தேயிலைக்கு வந்ததும் அவர் முகம் மாறியது. இன்னொரு தடவை உறிஞ்சினார்.

"துணி பொசுங்குன வாசம் அடிக்குதுங்க."

"வாய்ப்பே இல்லை. சூடெல்லாம் கரெக்டா இருந்தது" என்றேன் நான்.

அவர் அதே தூளில் ஒரு கோப்பை தயாரித்து என் முன் வைத்தார். "சக்கர கம்மியாத்தான் போட்டிருக்கேன்" என்றார். குடித்தேன். எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் ஒருமுறை என் பட்டு வேட்டியைக் கருக்கினார். அதே வாசனை. தேயிலை பக்கத்தில் நிற்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நிபுணரைத் தவிர.

"அப்ப குப்பை சரிவராது" என்று துரை எழுந்தார். குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. "நாளைக்குக் காலைல மரம் வெட்ட ஆள் வருது. பெரட்டுல சொல்லிடுறேன்."

கதவுக்கு வெளியே புஷ்பம் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். கூட்டுமாற்றை எடுத்துக்கொண்டு ட்ரையர் பக்கம் போனாள்.

செபமாலை கோப்பைகளைக் கழுவிக்கொண்டே தமக்குத் தாமே பேசிக்கொண்டார். "வெறகுல காயவச்சதுலயும் ஆறு மாசமா லேசா பொகை வாசம் இருக்குதான். வெறகு ஈரமா இருக்கும்னு நெனச்சிக்கிட்டோம்."

எனக்கு அடிவயிறு ஜில்லென்றது. இந்த ஜில்லுக்கு நான் வரவில்லை. விறகுப் புகையும் தேயிலைக்கு வருகிறதென்றால் எங்கோ குழாய் ஓட்டை. குற்றம் பிஸ்கட்டின் மேல் இல்லை. குற்றம், உள்ளே போகாமல் 'நன்று' எழுதிய கையின் மேல்.

அறைக்குப் போய் யோசித்தேன். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. குப்பை சரிவராது என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறலாம். ஒரு நைலக்ஸ் புடவை மேல் பழி போட்டவனுக்கு ஒரு பிஸ்கட் மேல் பழி போடுவதா கஷ்டம்? அந்த யூனிட்டில்கூட, குப்பையைப் பிரிக்கும் கொட்டகையை நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் ஆறு மணிப் பெரட்டுக்கு இந்த முறை கையைக் கழுவாமல் போனேன். துரை வாயைத் திறப்பதற்கு முன்பே முன்னால் போய் நின்றேன். எண்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குழாயைப் பாத்தேன்னு எழுதினேன். பாக்கலை. வயிறு மாட்டிக்கிச்சு. வெளிய நின்னு டார்ச் அடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன். குழாய்ல ஓட்டை இருக்கு. தப்பு என்னுது" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். "இருக்குன்னு நினைக்கிறீங்களா, இருக்கா? மரம் வெட்டுற லொறி ஏழு மணிக்கு வரும்."

"நான் போறேங்க" என்றாள் புஷ்பம்.

உலை முதல்நாள் மதியமே அணைந்தது. இருந்தும் உள்ளே வெதுவெதுப்பு மிச்சமிருந்தது. புஷ்பம் சாக்கு ஒன்றை நனைத்து மேலே போர்த்திக்கொண்டு, என் டார்ச்சை வாங்கிக்கொண்டு, எனக்கு அடைபட்ட அந்த ஓட்டை வழியாகச் சட்டென்று உள்ளே போய்விட்டாள். நான், துரை, செபமாலை மூவரும் வெளியே குனிந்து நின்றோம். ஒவ்வொரு குழாயையும் கையால் தடவச் சொன்னேன். வளையல் இரும்பில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வரிசை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. தூரத்தில் ஒரு லாரி ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வருவது கேட்டது. என் வாழ்நாளில் ஒரு குழாய் ஓட்டையாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான்.

"ஐயா! வெரலு போவுது!"

"எந்த விரல்?"

"கட்டவெரலு! இங்க பக்கத்துலயும் ஒண்ணு! இன்னொண்ணு!"

கரி பூசிய முகத்தோடு அவள் வெளியே வந்தாள். செபமாலை தம் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினார். துரை வாசலுக்குப் போய் லாரி டிரைவரிடம் சிங்களத்தில் பேசினார். புஷ்பம் எனக்கு மொழிபெயர்த்தாள். "'திரும்பிப் போ, சொல்லி அனுப்புறேன்'ங்கிறாரு. வெட்ட மாட்டோம்னு சொல்லலீங்க. சொல்லி அனுப்புறேன்னுதான் சொல்றாரு."

குழாய்களை மாற்றி இன்னொரு தடவை பிஸ்கட்டில் காயவைத்துப் பார்ப்பது, அதன்பிறகு மரத்தைப் பற்றி முடிவு செய்வது என்று ஏற்பாடு. என் ரிப்போர்ட்டின் முதல் வரியை, 'முதல் சோதனையைச் செய்தவர் குழாய் அறைக்குள் செல்லவில்லை' என்று எழுதினேன். கோயம்புத்தூர்க்காரன் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னான். எடுக்கவில்லை.

கிளம்பும்போது செபமாலை ஒரு பொட்டலம் கொடுத்தார். நல்ல தேயிலை என்று நினைத்து நன்றி சொன்னேன். "இது நம்ம பொசுங்குன தூளுதாங்க. நீங்க காயவச்சது, நீங்கதானே குடிக்கணும்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. மூன்றாவது வளைவு தாண்டியபிறகுதான் அது கேலி என்று உறைத்தது.

வீட்டில் முதல் நாள் அதைக் கொதிக்க வைத்தபோது மனைவி மாடிக்கு ஓடினாள், காயப்போட்ட துணியில் தீப்பிடித்துவிட்டதோ என்று. தூக்கி எறியச் சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. தினமும் காலையில் ஒரு கோப்பை. பாதிப் பொட்டலம் தீர்ந்தது, முக்கால் தீர்ந்தது, பதுளையிலிருந்து சேதி இல்லை. வானிலைச் செய்தியில் ஊவா மாகாணம் என்று காதில் விழுந்தால் சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன்.

போன வாரம் மத்தியானம் போன் வந்தது. புஷ்பம்.

"ஐயா, கொழாய் மாத்தி நேத்து காயவச்சோம். டீமேக்கர் ஐயா மூணு வாட்டி குடிச்சுப் பாத்தாரு. வாசம் இல்லேன்னுட்டாரு."

"மரம்?"

"வேணாம்னு தொர காலைல பெரட்டுல சொல்லிட்டாரு. நாங்க எல்லாருமா சுண்ணாம்ப சொரண்டிக்கிட்டு இருக்கோம்."

போனில் அந்தச் சத்தம் கேட்டது. தேங்காய்ச் சிரட்டையால் பட்டையைச் சுரண்டும் சத்தம், நிறையப் பேர். மழை பெய்தால் தானாகவே கரைந்துவிடாதா என்று, நிபுணர் அல்லவா, கேட்டேன்.

"கரையுந்தாங்க. ஆனா அதுக்கு முந்தி எவனாவது அடையாளத்த பாத்துட்டு கோடாலிய போட்டுட்டான்னா?" என்றாள். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று வானத்தைப் பார்த்திருப்பாள் போல. "இந்தா, கறுத்துக்கிட்டு வருதுங்க ஐயா. இன்னைக்கு நல்ல மழதான்."

நான் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"பேயட்டும்" என்றாள் புஷ்பம். "இன்னைக்கு நான் படுத்துத் தூங்குவேன்."